கேள்விக்குள் ஒளிந்திருக்கும் விடை: வினாடி வினாவுக்குப் புதியவர்களுக்கு

முதலில் ஒரு கேள்வி. படித்ததும் கீழே இறங்கிவிடாமல் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

1861 ஏப்ரலில், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஒரு மாபெரும் நிலப்பரப்பிலிருந்தே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அந்தக் காலத்தில் சிறுகோள்களுக்குக் கிரேக்க, ரோமானியப் புராணப் பெண்களின் பெயரை வைப்பது வழக்கம். இந்தச் சிறுகோளின் பெயர் அந்த வழக்கத்துக்கும் பொருந்தும், கண்டுபிடித்த இடத்துக்கும் பொருந்தும். பெயர் என்ன?

போக்சனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. சிறுகோள் என்றால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் பாறை என்று பள்ளியில் படித்தது மங்கலாக நினைவிருக்கும். அது போதும். இடத்துக்குப் பொருந்தும் பெயர் என்றால் மெட்ராஸா? கிரேக்கப் புராணத்தில் மெட்ராஸ் என்று ஒரு பெண் இருந்திருக்க முடியாது. சரி, 'மாபெரும் நிலப்பரப்பு' என்று ஏன் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்? கண்டம் என்று நேராகச் சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்பதால்தான். கண்டத்தின் பெயர், பெண் பெயராகவும் இருக்க வேண்டும். ஏசியா!

அதுதான் விடை. சிறுகோள்களின் பட்டியலில் அது 67-வது. இப்போது அதே விடைக்கு இன்னொரு கேள்வி: 'சிறுகோள் வரிசையில் 67-வதன் பெயர் என்ன?' தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் மோட்டுவளையைப் பார்க்க வேண்டியதுதான். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்று, ஆனால் முதல் கேள்விக்குள் போக ஒரு வாசல் இருக்கிறது. க்விஸ் ஆடுகிறவர்கள் இப்படிப்பட்ட கேள்வியை 'வொர்க்கபிள்' என்பார்கள். நேரடியாகத் தெரியாவிட்டாலும் யோசித்து வந்து சேரலாம் என்று பொருள். இந்த ஒரு சொல் புரிந்துவிட்டால் வினாடி வினா என்ற விளையாட்டு பாதி புரிந்த மாதிரி.

நான் பெரிய க்விஸ் மாஸ்டர் ஒன்றும் இல்லை. பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு மாட்டுப் பொங்கல் மாலையும் மொட்டை மாடியில் ஒரு வினாடி வினா நடக்கும். கேள்வி தயாரிக்கும் வேலை ஆறேழு வருடமாக என் தலையில். ஐந்து சுற்று: பைபிள், சினிமா, புவியியல், வரலாறு, அறிவியல். பைபிள் ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் லூர்து மாதா கோயிலுக்கோ பக்கத்துச் சபைகளுக்கோ போகிறவர்கள். மீதிப் பேர் அந்தச் சுற்றில் முழித்தாலும் சினிமா சுற்றில் வட்டியும் முதலுமாக வாங்கிவிடுவார்கள். ஏசியா கேள்விக்கு விடை சொன்னது எம்.எஸ்சி. படித்தவர்கள் யாரும் இல்லை, துணிக்கடையில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர். "கண்டம்னு சொல்லக் கூசறீங்கன்னா விடையே அதுதான்" என்றார். கேள்வி கேட்டவனின் கூச்சத்திலிருந்தே விடையை எடுத்துவிட்டார்.

நம் ஊரில் 'பொது அறிவு' என்றதும் கண்முன் வருவது தடிமனான கைடு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து அதை உருப்போடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கானோரின் தாளை எந்திரம் திருத்த வேண்டுமென்றால் கேள்வி அப்படித்தான் இருக்கும். ஆனால் வினாடி வினா என்றாலும் அதே மனப்பாடம்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்களே, அது தவறான பயம். நல்ல கேள்வியில் விடை ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கும். ஆசியா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் யார்? அதற்குப் போகும் வழிதான் புதிது.

இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த கேள்வி இது.

'ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு துறைமுக ஊர். 1914-ல் ஓர் இரவு நடந்த சம்பவத்தால் அந்த ஊரின் பெயர் தமிழ்ப் பேச்சுவழக்கில் நுழைந்து, லேசுப்படாத ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. என்ன சொல்?'

ஜெர்மானிய ஊர்ப் பெயர்களில் பெர்லின், மியூனிக் தவிர நமக்கு என்ன தெரியும்? அதை விடுங்கள். 1914 என்றதும் முதல் உலகப் போர் நினைவுக்கு வர வேண்டும். துறைமுக ஊர் என்றால் கப்பலுக்கு ஊர்ப் பெயர் வைத்திருப்பார்களோ? எம்ஸ், எம்... 'அவன் சரியான எம்டன்டா' என்று தாத்தா சொல்வாரே!

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எஸ்.எம்.எஸ். எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலோரம் வந்து நின்று சுட்டது. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் நூற்றுச் சொச்சம் குண்டுகளைப் போட்டுவிட்டு, திருப்பிச் சுடுவதற்குள் கப்பல் இருட்டில் மறைந்தது. சேதத்தைவிடப் பீதிதான் பெரிது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. பாரிமுனைக்குப் போகிறவர்கள் பலர் அதைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்துவைத்தது. கப்பல் போனது, சொல் தங்கிவிட்டது.

இதே விடையைச் சினிமா சுற்றுக்கும் தள்ளலாம். 2006-ல் தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்கு அளித்தது. 'எம்டன் மகன்' என்று பெயர் சூட்டப்பட்டிருந்த ஒரு படம் அப்போது 'எம் மகன்' ஆனது. நடுவே இருந்த 'டன்' ஏன் காணாமல் போனது என்று கேட்டால், போர்க்கப்பலில் தொடங்கி வரித் துறையில் போய் முடியும். ஒரு தகவல் இன்னொரு தகவலோடு இப்படிக் கைகோத்து நிற்கும்போதுதான் அது மறக்காது. க்விஸ்காரர்கள் இந்தப் பின்கதையை 'ஃபண்டா' என்பார்கள். விடையைச் சொல்லி மதிப்பெண் வாங்கிய பிறகும் 'ஃபண்டா என்ன?' என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அறிவியலில் வாசல் பெரும்பாலும் பெயரில் இருக்கும். நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் எல்லாம் மந்த வாயுக் குடும்பம். எல்லாமே 'ஆன்' என்று முடிகின்றன. அதே வீட்டில் மூத்த பிள்ளை மட்டும் ஹீலியம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று உலோகங்களுக்கு வைக்கும் வால் இந்த வாயுவுக்கு எப்படி ஒட்டியது? பெயர் வைத்தபோது அதை உலோகம் என்று நினைத்துவிட்டார்கள். ஏன் அப்படித் தப்பாக நினைத்தார்கள்? யாரும் அதைக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. சூரியனில்தான் பார்த்தார்கள்! 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து சூரியனின் விளிம்பு ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நம் போக்சனும் அன்று மசூலிப்பட்டினத்தில் கிரகணம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடு சோடியத்தின் கோடு இல்லை, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தின் கோடும் இல்லை என்று பிறகு தெளிவானது. இங்கிலாந்தின் லாக்கியர், சூரியனுக்கான கிரேக்கச் சொல்லான ஹீலியோஸிலிருந்து பெயர் எடுத்தார். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான், வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில், ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. வாலை யாரும் வெட்டவில்லை.

இதுவரை நல்ல கேள்விகள். இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

ஒரு வருடம் பைபிள் சுற்றில், வேதாகமத்திலேயே மிகச் சிறிய வசனம் எது என்று கேட்டேன். விடை என் தாளில் தயாராக இருந்தது: யோவான் 11:35, 'இயேசு கண்ணீர் விட்டார்.' ஆங்கிலத்தில் இரண்டே சொல். எல்லா ஊரிலும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. மாணவர்களை நாற்பது வருடம் மேய்த்த இரண்டாம் மாடி டீச்சரம்மா கையைத் தூக்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்த பைபிள்ல தம்பி?"

"பைபிள்லதான் டீச்சர்..."

"இங்கிலீஷ்லயா தமிழ்லயா? தமிழ்ல அது மூணு வார்த்தையாச்சே. ஒண்ணு தெசலோனிக்கேயர் அஞ்சு பதினாறு சொல்லு பாப்போம். 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.' ரெண்டே வார்த்தை."

கூட்டம் ஓவென்று கத்தியது. நான் விடவில்லை. சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணலாம் என்றேன். விரல் விட்டு எண்ணினோம். 'இயேசு கண்ணீர் விட்டார்' பதினொன்று. 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' பதினாறு. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். டீச்சரம்மா அமைதியாகப் பையிலிருந்து தன் பழைய பைபிளை எடுத்து, 1 நாளாகமத்தின் முதல் வசனத்தைக் காட்டினார். 'ஆதாம், சேத், ஏனோஸ்.' எட்டெழுத்து.

மூன்று அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடினேன்.

பிறகு தேடிப் பார்த்தால் விஷயம் இன்னும் வேடிக்கை. புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்கத்தில். அந்த மூலத்தில் எழுத்தெண்ணிப் பார்த்தால் டீச்சரம்மா சொன்ன தெசலோனிக்கேயர் வசனமே இயேசு கண்ணீர் விட்ட வசனத்தைவிடச் சிறியது. ஆக, நான் பொது அறிவு என்று நினைத்து வைத்திருந்தது ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும் தகவல். கேள்விக்கு வாசல் இருந்தால் மட்டும் போதாது, வேலியும் வேண்டும். எந்த மொழிபெயர்ப்பு, சொல்லா எழுத்தா என்று வரம்பு கட்டாத கேள்வியில் ஆடு மாடு எல்லாம் புகுந்துவிடும்.

பைபிள் சுற்றில் இப்படி நாம் கேள்விப்பட்டதற்கும் ஏட்டில் இருப்பதற்கும் இடைவெளி நிறைய. ஏவாள் தின்ற கனி ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் எங்கும் இல்லை, கனி என்று மட்டும்தான் இருக்கிறது. லத்தீனில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி இருப்பது இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் என்பார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. யோனாவை விழுங்கியது திமிங்கிலம் இல்லை, 'ஒரு பெரிய மீன்'. கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று பொம்மை வைத்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் நம்ப முடியாததாக இருக்கும்.

இன்னொரு வகை உண்டு. இதைச் சத்தமாக, கொஞ்சம் வேகமாகக் கேட்க வேண்டும்: 'மோசே பேழைக்குள் ஒவ்வொரு வகை மிருகத்திலும் எத்தனை ஏற்றினார்?' பெரும்பாலானவர்கள் 'இரண்டு' என்பார்கள். பேழை செய்தது மோசே இல்லை, நோவா. இது நம் கவனக்குறைவு மட்டுமல்ல. 1981-ல் எரிக்சன், மாட்சன் என்ற உளவியலாளர்கள் இதையே ஆய்வாகச் செய்தார்கள். நோவா என்று நன்றாகத் தெரிந்தவர்களே தப்பாகப் பதில் சொன்னார்கள். மோசேயும் பழைய ஏற்பாடு, தண்ணீர்க் கதை, வயதான பெரியவர். மூளைக்கு ஏறக்குறையப் பொருந்தினால் போதும், மேலே போய்விடுகிறது. நோவா என்று திருத்திக் கேட்டாலும் 'இரண்டு' முழு விடை இல்லை. ஆதியாகமம் 7-ஆம் அதிகாரத்தில், சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு ஜோடி என்று வருகிறது. இதற்கும் டீச்சரம்மாவிடம் ஒரு கொசுறு இருந்தது. எபிரேய மூலத்தில் நோவாவின் பேழைக்கும், குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டிக்கும் ஒரே சொல்தானாம். "அப்படிப் பாத்தா மோசேயும் பேழையில போனவருதான், மிருகத்த ஏத்தல, அவ்ளோதான்" என்றார். சொன்னது சரிதான்.

புவியியலுக்கு வருவோம். இங்கே தொல்லை கொடுப்பது 'மிக' என்ற சொல். உலகின் மிக உயரமான மலை எது? எவரெஸ்ட், 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-ல் அறிவித்தன. இது கடல் மட்டத்திலிருந்து அளந்த கணக்கு. அடி முதல் நுனி வரை அளந்தால் ஹவாய் தீவின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். அதில் பாதிக்கு மேல் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ. வெறும் 6,263 மீட்டர்தான், ஆனால் பூமி நடுவில் கொஞ்சம் தொந்தி போட்ட உருண்டை, சிம்பொராசோ அந்தத் தொந்தியின் மேல் நிற்கிறது. மூன்று அளவுகோல், மூன்று விடை. இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரியா? நிலப்பகுதிக்கு அதுதான். நாடு முழுவதற்கும் என்றால் கிரேட் நிக்கோபார் தீவின் இந்திரா முனை. ஒரு சொல் கூடினால் விடை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது.

அப்புறம் நம் மெரினா. உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆட்டோக்காரர் சொல்வார், சுண்டல் விற்கிற பையன் சொல்வான், சில கைடுகளும் சொல்லும். தாராளமாக இழுத்து அளந்தாலும் மெரினா 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பங்களாதேஷின் காக்ஸ் பஜார் மணல் மட்டும் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பிரேசிலின் காசினோ கடற்கரை 200-ஐத் தாண்டும். இந்தக் கேள்வியை நான் ஒரு முறை 'சரியா, தவறா' என்று வைத்தேன். தவறு என்று சொன்னதற்காக அன்றைக்கு எனக்குக் கிடைத்த வசவு இன்னும் காதில் இருக்கிறது. மெரினாவை யாரும் குறைத்துப் பேசக் கூடாது, அது பொது அறிவில் சேராது போல.

சினிமா சுற்றில் 'மிக'வின் இடத்தை 'முதல்' பிடித்துக்கொள்ளும். முதல் தமிழ்ப் படம் எது? பேசும்படம் என்றால் 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ். அதிலும் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். படம் எடுக்கப்பட்டதோ பம்பாயில். சென்னையிலேயே எடுத்த முதல் பேசும்படம் 1934-ன் ஸ்ரீநிவாச கல்யாணம். பேசாப் படத்தையும் சேர்த்தால் ஆர்.நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம் முன்னுக்கு வந்துவிடும். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் ஏ.ஆர்.ரகுமான் என்று பல பேர் அடித்துச் சொல்வார்கள். 2009-ல் ஒரே இரவில் இரண்டு வாங்கினார், உண்மை. ஆனால் 1983-லேயே காந்தி படத்தின் ஆடை வடிவமைப்புக்காக பானு அதையா வாங்கிவிட்டார். 'முதல்' என்று கேள்வியில் பார்த்தால் 'எதில் முதல், யாருக்குள் முதல்' என்று மனதுக்குள் ஒரு முறை கேட்டுக்கொண்டு வாயைத் திறப்பது நல்லது.

புதிதாக ஆடப் போகிறவர்களுக்குக் களத்தைப் பற்றியும் கொஞ்சம். சென்னையில் பல ஆண்டுகள் ஆகஸ்ட் 15 என்றாலே மியூசிக் அகாடமியில் லேண்ட்மார்க் க்விஸ்தான். குடும்பம் குடும்பமாக வந்து பென்சிலோடு உட்காருவார்கள். பெரிய போட்டிகளில் முதலில் எழுத்துச் சுற்று, ப்ரிலிம்ஸ். அதில் தேறிய சில அணிகள்தான் மேடை ஏறும். மேடையில் உங்களுக்கு விடை தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அதற்கு 'பவுன்ஸ்' என்று பெயர். உங்கள் முறை இல்லாதபோதே நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்து மதிப்பெண் பறிக்கலாம், அதற்கும் 'பவுன்ஸ்' என்றுதான் பெயர். குழப்பம் என்னுடையது இல்லை. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இரண்டாவது வகையில் தப்பானால் மதிப்பெண் குறையும், எனவே எங்கள் மொட்டை மாடியில் முதலாவதைப் 'பாஸ்' என்றும் இரண்டாவதை 'பாய்ச்சல்' என்றும் மாற்றிக்கொண்டோம்.

அணியில் ஒரே மாதிரி ஆட்களைச் சேர்க்காதீர்கள். மூன்று இன்ஜினியர்கள் சேர்ந்த அணி பைபிள் சுற்றிலும் பழைய பாட்டுச் சுற்றிலும் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, ஒரு கல்லூரிப் பிள்ளை, ஒரு பள்ளிக்கூடத்து வாண்டு என்று சேர்த்தால் அது வலுவான அணி. தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இது இல்லை என்று தெரியும், ஆனாலும்...' என்று ஒருவர் இழுப்பதில்தான் இன்னொருவருக்குப் பொறி தட்டும். எதுவுமே ஓடவில்லை என்றால், இந்தக் கேள்விக்கு எந்த விடை வந்தால் கூட்டம் 'அட!' என்று சொல்லும் என்று யோசியுங்கள். கேள்வி தயாரித்தவன் அந்த 'அட'வுக்காகத்தான் ராத்திரி கண் விழித்திருப்பான்.

கடைசியாக ஒரு வகை, 'கனெக்ட்'. நான்கு துண்டுகளைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொதுவானதைக் கேட்பது. பல சுற்றுகளை ஒரே முடிச்சில் போட வேண்டும் என்று போன பொங்கலுக்கு இரண்டு வாரம் மெனக்கெட்டு ஒன்று செய்தேன்.

முதல் துண்டு: காயங்களைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்று யோவான் சுவிசேஷத்தில் சொன்ன சீடன். இரண்டாவது: 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து நிலம் அளக்கத் தொடங்கினார். அந்த அடிக்கோட்டின் ஒரு முனை இது. மூன்றாவது: 29,002 அடி.

மூன்றாவது துண்டை விளக்கினால்தான் ருசி. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புச் சமாச்சாரம்தான். லாம்டன் அளந்த அந்த ஒரே கோட்டை முதல் பக்கமாக வைத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே நில அளவைக்காரர்கள் இமயம் வரை போனார்கள். லாம்டனுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 15-ஆம் சிகரம் என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்த ஒன்று உலகிலேயே உயரமானது என்று ராதாநாத் சிக்தார் கணக்கிட்டார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. ஓய்வு பெற்றுப் போயிருந்த எவரெஸ்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் குடும்பம் தங்கள் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரிக்கும், உலகம் அதைக் கேட்கவில்லை.

மூன்று துண்டையும் படித்து முடித்தேன். டீச்சரம்மா அணி தோமா வரை வந்துவிட்டது, நிலம் அளந்த கதையில் நின்றுவிட்டது. இன்ஜினியர் அணி 29,002 அடியைப் பார்த்ததும் எவரெஸ்ட் என்று எழுதிப் பாய்ந்து மதிப்பெண்ணைப் பறிகொடுத்தது. நான்காவது துண்டைப் படித்தேன்: 'சென்ட்ரலில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறித் தூங்கிவிட்டால் கடைசியில் எங்கே எழுப்பி இறக்கிவிடுவார்கள்?'

முதல் மூன்று துண்டும் ஓடும்போது கைப்பிடிச் சுவரோரம் கரும்பு கடித்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வாயிலிருந்து சக்கையை எடுக்காமலே கத்தினான்:

"பரங்கிமலை அங்கிள்! எங்க பெரியம்மா வீடு அங்கதான்."

ஆங்கிலத்தில் அது செயின்ட் தாமஸ் மவுண்ட், தோமாவின் மலை. லாம்டன் சங்கிலி பிடித்ததும் அங்கேதான்.